சிப்பி ஓட்டில் மெழுகு

1

அந்தக் கறுப்பு பீரை நான் குடித்துப் பத்தொன்பது மணி நேரம் ஆகிறது. இந்தக் கதை அந்த ஒரு மடக்கிலிருந்துதான் வந்தது. பல் துலக்கினேன். காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்கி நாக்கில் வைத்தேன். ருசி போகவில்லை.

நான் எழுத்தாளர் அல்ல. வேதியியல் படித்தவள். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பீர் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: லூசி என் அக்கா. அவள் கிணற்றில் தவறி

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.)

இரண்டாம் தொடக்கம்: பீர் காய்ச்சும் பிரிவுக்குத் தலைவர் உலகநாதன் சார். வெள்ளைக்காரர்கள் கறுப்பு பீரில் சிப்பி ஓடு போட்டுக் கொதிக்க வைப்பார்கள் என்று ஏதோ பழைய புத்தகத்தில் படித்தார். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு புளிப்பைக் குறைக்குமாம். சோதனைக்கு ஒரு சின்ன அண்டா. பிள்ளைச்சாவடிக் கடற்கரையிலிருந்து ஓடு கொண்டுவர மாட்டுவண்டி பச்சையப்பனிடம் சொன்னார்.

மூட்டையை இறக்கிய பச்சையப்பன் கேட்டார்: "கள்ளுப் பானையில சுண்ணாம்பு தடவுனா பதநீரா நின்னுடுதுங்க. பீர்ல சுண்ணாம்பு போட்டா இன்னாங்க ஆவும், பாலா?"

"உனக்கு ஒரு கிளாஸ் தரேன்யா. நீயே குடிச்சிட்டுச் சொல்லு" என்றார் சார்.

3

ஓடுகளைச் சோதித்தது நான். அமிலம் விட்டால் நுரைக்க வேண்டும். சிலவற்றின் குழியில் நுரைக்கவில்லை. சுரண்டினேன். மெழுகு. வெந்நீரில் போட்டேன். மெழுகு உருகி மேலே மிதந்தது. வழித்துக் கொட்டினேன். பிறகு ஓடு நல்ல ஓடுதான் என்று சாரிடம் சொன்னேன்.

(சிப்பியில் மெழுகு எப்படி வந்தது என்று இவளுக்கு ஏன் தோன்றவில்லை? இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஆய்வகத்தில் மெழுகு வெறும் மெழுகு.)

4

நேற்று ருசி பார்த்தோம். முதலில் கருகிய பார்லி. அப்புறம் கசப்பு. விழுங்கியபின் நாக்கின் ஓரத்தில் லேசான உப்பு.

"இன்னாம்மா?" என்றார் உலகநாதன் சார்.

"நல்லா இருக்கு சார்."

உண்மையிலேயே நன்றாக இருந்தது. (இந்த வரியை இரண்டு முறை அடித்தேன். திரும்ப எழுதினேன்.)

பச்சையப்பன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார்.

"பிள்ளைச்சாவடி வரைக்கும் எவன் சார் வண்டி ஓட்டறது? வில்லியனூர்ப் பக்கம் ஒங்க வேதக்காரங்க கல்லறை இருக்குதே பாப்பா, அதும் செவுத்துக்கு வெளிய, கரும்புக் கொல்லை ஓரமா சிப்பிங்க சும்மா கெடந்துது. வாரிக்கினு வந்துட்டேன். அப்பறம் கொல்லைக்காரரும் டிராக்டர் வுட்டு ஓட்டிட்டாரு."

நான் டம்ளரை வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

5

குறிப்பு: எங்கள் கல்லறையில் சுவருக்கு உள்ளே சிலுவை நடலாம். வெளியே நடக்கூடாது. லூசி ஏழு வருடமாக வெளியே இருக்கிறாள். காரணம்

(பிறகு.)

சிலுவைக்குப் பதிலாக அப்பா சைக்கிளில் பிள்ளைச்சாவடி போய், கரையில் சிப்பி பொறுக்கிவந்து அவளைச் சுற்றிப் பதித்தார். கல்லறைத் திருநாளன்று அந்த ஓடுகளில்தான் அம்மா மெழுகுவத்தி நிறுத்துவாள். இப்போது அப்பாவும் அங்கேதான். சுவருக்குள், சிலுவையோடு.

நாளை கல்லறைத் திருநாள். பூசை முடிந்ததும் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். உழுத மண். அவள் எங்கே என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

6

முடிவு அ: பஸ் ஏறிப் போய்ப் புதுச் சிப்பி கொண்டுவந்து ஏதோ ஓரிடத்தில் பதிக்கிறேன். வெறும் மண்ணுக்கு அம்மா வத்தி ஏற்றுவாள்.

முடிவு ஆ: மிச்ச பீரைக் கேட்டு வாங்கிக் கொல்லையில் ஊற்றுகிறேன். (கதையில்தான் இப்படிச் செய்வார்கள். வேண்டாம்.)

முடிவு இ: வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கொல்லையில் எந்த இடத்தில் முட்டிபோட்டு

வாசலில் மாட்டுமணி. பச்சையப்பன். நான் ஓடியது ஏன் என்று ஊரில் விசாரித்திருக்கிறார்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாம வாரிட்டேம்மா. ஒங்க பொண்ணுதுன்னு தெரிஞ்சா அந்தச் சிப்பி மேல கைய வெப்பனா?"

முறம் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தாம்மா." அவர் துண்டைக் கையில் சுருட்டினார். "வெளிய கெடந்தா யாருதும் இல்லன்னுதான நெனப்போம்? ஊர்ல சொன்னாங்க, கெணத்துல தவறி வுழுந்த புள்ளயாமே. அதப் போயி ஏம்மா செவுத்துக்கு வெளிய வெச்சாங்க?"

தவறி விழுந்தாள். ஏழு வருடமாக நாங்கள் எல்லோரிடமும் சொன்னது அதுதான். வீட்டுக்குள்ளும் அதுதான். சாமியார் மட்டும் நம்பவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"தவறி வுழலப்பா. அவளேதான் குதிச்சா."