இல்லாத சரக்குக்கு விலை

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எனக்குப் பரீட்சை. திங்கட்கிழமையே எனக்குக் கை வேறு, புத்தி வேறு ஆகிவிட்டது. கோட்டுக்குப் பட்டன் கேட்டு வந்தவருக்குத் தலையணை உறைப் பட்டனை எண்ணிப் போட்டேன். அவரும் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோட்டு இப்போது எந்தக் கோலத்தில் இருக்கிறதோ.

நாற்பத்து மூன்று வயதில், பட்டன் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு எதற்குப் பரீட்சை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் லிப்ட் மெக்கானிக். போய் இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. மனைவியைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அந்த நாட்டு விசா ஆபீஸ் பெரிய மனது பண்ணியது. ஆனால் மனைவி ஒரு தேர்வாளர் முன்னால் பதினைந்து நிமிஷம் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டுமாம். விண்ணப்பம் இந்த மாதக் கடைசியோடு காலாவதி. விட்டால் எல்லாம் முதலிலிருந்து, இன்னொரு இரண்டு வருஷம். ஏற்கெனவே ஒரு தடவை அரை மார்க்கில் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது தடவைக்கு நாள் இல்லை.

போன தடவை பெயர், குடும்பம், தொழில் எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பித்தேன். பட்டனைப் பற்றி எந்த பாஷையில் கேட்டாலும் பேசிவிடுவேன். கடைசிப் பகுதியில்தான் சறுக்கியது. "உங்களுக்கு ஒரு பெரிய வீடு இனாமாகக் கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்றார் தேர்வாளர். யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். யாரோ என்றார். எந்தத் தெருவில் என்றேன். எங்கோ என்றார். பத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு நாலு நிமிஷம் போனது. அவரும் கொடுக்கவில்லை, நானும் வாங்கவில்லை.

இதில் என் தப்பு ஒன்றும் இல்லை, வளர்ப்பு அப்படி. எங்கள் தெருவில் முப்பது மொத்த வியாபாரக் கடைகளுக்கும் ஒரே சட்டம், எங்கும் எழுதி வைக்காத சட்டம். "இப்படின்னா இப்படி" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லி, எதிரில் இருப்பவர் "சரி" என்றுவிட்டால் பேரம் முடிந்தது. கையெழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது செல்லாது. நான் சின்னவளாக இருந்தபோது, வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானத்தில், ஒரு ஆள் சிப்பி பட்டனுக்கு விலையைக் குறைக்கச் சொல்லி அப்பாவின் உயிரை எடுத்தார். "இன்னிக்கு மழை பெஞ்சா பாதி விலைக்கு எடுத்துக்கய்யா, போ" என்றார் அப்பா. அந்த ஆள் "சரி" என்று சொல்லி, எதிர்க்கடை வாசலில் ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மூன்றரை மணிக்குக் கொட்டியது பாருங்கள் மழை. பன்னிரண்டு பெட்டியையும் அப்பாவே நனைந்துகொண்டு வண்டியில் ஏற்றினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டின் முன்னால்கூட யாரும் "வந்தா, போனா" என்று வாயை விடுவதில்லை.

இப்படி வளர்ந்தவளைப் போய் இஃப் போட்டுப் பேசு என்றால்?

எனக்குப் பாடம் எடுத்தவள் என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை, முப்பத்தெட்டு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருப்பவள். கடைக்கு மேல்மாடியில் இங்கிலீஷ் ட்யூஷன் நடத்துகிறாள். கீழே வந்தால் என் கடையைத் திருத்துவாள். முந்நூற்றுப் பன்னிரண்டு இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற பட்டனில் ஒன்று தைத்திருக்கும். அப்பா வைத்தது அளவு வாரியாக. நிறவாரியாக மாற்றினால்தான் கடை கண்ணுக்குத் தெரியும் என்பது அவள் கட்சி. இந்தச் சண்டைக்குப் பதினோரு வயது.

"அண்ணி, முதல்ல ஈசியானது. ஐஸைச் சூடாக்கினா உருகும். இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்."

"புரியுது. பேரமே கிடையாது, ஒரே விலை."

"அதேதான். அடுத்தது நடக்கக்கூடியது. மழை பெஞ்சா குடை எடுத்துட்டுப் போவேன்."

"மழையை மட்டும் எடுக்காதே, தாயே."

"சரி, ஆள் பையோட எதிர்ல நிக்கிறார். நூறு டஜன் எடுத்தா குறைச்சுத் தருவேன். இஃப் யூ டேக், ஐ வில் கிவ்."

"இது நான் தினம் பண்றதுதானே."

"அதுக்கப்புறம் வர்றதுலதான் நீங்க விழுறீங்க. ஆளும் இல்ல, சரக்கும் இல்ல, சும்மா கற்பனை. எனக்கு இறக்கை இருந்தா பறப்பேன். இஃப் ஐ ஹேட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை."

"அதாவது, இல்லாத சரக்குக்கு விலை சொல்லணும்."

"ஆமா."

"நாளைக்கே ஒருத்தன் வந்து கேட்டா?"

"எதை?"

"அந்த இறக்கையை."

அவள் புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு விரலால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டாள். "உங்களோட எங்க அண்ணன் எப்படிக் குடும்பம் நடத்தினார்?"

"அதான் வெளிநாட்டுக்கு ஓடிட்டாரே. கடைசி வகையையும் சொல்லிடு."

"ஆள் கடையை விட்டுப் போயே போயாச்சு. கேட்டப்பவே கொடுத்திருந்தா வித்திருக்கும்."

"இதுக்குப் பாடமே வேண்டாம்" என்றேன். ஏர்போர்ட்டில் அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிப் பார்த்த நாளிலிருந்து என் தலைக்குள் ஓடுவது அந்த வகை ஒன்றுதான். கூடவே கிளம்பியிருந்தால். கடையைப் பூட்டியிருந்தால்.

செவ்வாய் முழுக்க இறக்கையும் இனாம் வீடுமாகப் போனது. புதன்கிழமை காலையில் வீட்டுக்காரர் போன் பண்ணினார். தயாரா என்று கேட்டார். தயார் என்றேன். அவர் ஒரு வார்த்தைகூட அவசரப்படுத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவசரப்படுத்துகிற வாடிக்கையாளர் வாங்கத்தான் வந்திருக்கிறார். பொறுமையாக நிற்கிறவர் எந்த நேரமும் இறங்கிப் போய்விடலாம்.

மத்தியானம் எங்கள் தையல்காரர் வந்தார். எதை வாங்கினாலும் "இன்னொண்ணு போடுங்கக்கா" என்று கேட்பதால் தெருவே அவரை 'இன்னொண்ணு' என்றுதான் கூப்பிடும். நாத்தனார் அவரைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, "நீங்கதான் இப்ப தேர்வாளர். ஏதாவது கற்பனையா கேளுங்க" என்றாள்.

இன்னொண்ணு தொண்டையைச் செருமினார். "அக்கா, நீங்க ஒரு நாட்டுக்கு ராணியா இருந்தா, எனக்கு எத்தனை டஜன் சும்மா தருவீங்க?"

"பேச்சே இல்ல."

"ராணிக்கா. ராணி!"

"ராணியா இருந்தா உம்மை உள்ளேயே விட மாட்டேன்."

"வாக்கியம் கரெக்ட்" என்றாள் நாத்தனார். "இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க."

சொன்னேன். தட்டுத் தடுமாறியாவது வந்தது. அவருக்குச் சந்தோஷம், இரண்டு பட்டன் கூடுதலாகவே வாங்கிக்கொண்டு போனார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து நாத்தனார், கையிலிருந்த பேனாவை மூடிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"நீங்க அங்க போயிட்டா இந்தக் கடையை என்ன பண்ணுவீங்க? இங்கிலீஷ்ல."

கை எதையாவது செய்யட்டும் என்று பக்கத்து இழுப்பறையை இழுத்தேன்; அது முழுசாகக் கழன்று வந்து, ரெண்டு ஓட்டைச் சட்டைப் பட்டன் அத்தனையும் தரையில் ஓடியது. இருவரும் குனிந்து பொறுக்கினோம்.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுமா? இங்கிலீஷ் வரலையா, போக மனசு வரலையா?"

"அலமாரிக்கு அடியில பாரு, நிறைய போயிருக்கு."

"பாக்குறேன். பதில்?"

"உன்னைப் பொறுக்கத்தான் சொன்னேன்."

அவள் பிறகு கேட்கவில்லை. ஆனால் அன்று பூராவும் அந்தக் கேள்வி கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தது. இனாம் வீடு, இறக்கை, ராணி எல்லாம் நான் கட்டிக்கொண்ட மறைப்பு. வாயில் வராமல் நின்றது ஒரே ஒரு வாக்கியம். நான் போனால். அதைச் சொல்லி, எதிரில் ஒருவர் சரி என்றுவிட்டால் அப்பாவின் கடை என் கையை விட்டுப் போயிற்று. சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் என் கையை விட்டுப் போனார்.

வியாழக்கிழமை நானும் நாத்தனாரும் பத்தரைக்கே தேர்வு மையத்தில் போய் உட்கார்ந்துவிட்டோம். சுவரோரம் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் உதடு மட்டும் அசைகிற ஒரு ஆள். என் கைக்குள் ஒரு கோட்டுப் பட்டனை இறுக்கிப் பிடித்திருந்தேன். விரித்தபோது உள்ளங்கையில் நாலு ஓட்டையும் அச்சாகப் பதிந்திருந்தது. என் எண்ணைக் கூப்பிட்டதும் நாத்தனார் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "பத்திரம் சுத்தமான்னு மட்டும் கேட்டுடாதீங்க" என்றாள்.

இந்தத் தடவை தேர்வாளர் ஒரு பெண். ஜலதோஷம் பிடித்திருந்தது. மேஜையில் ஒலிப்பதிவுக் கருவி, கைக்குட்டை, பெரிய முள் கடிகாரம். தொழிலைப் பற்றிக் கேட்டார், பேசினேன். தினசரி வேலையைக் கேட்டார்; பேசினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த தாளைத் திருப்பினார்.

"நீங்கள் வேறொரு நாட்டில் வாழப் போனால், எதை விட்டுப் போவது கஷ்டமாக இருக்கும்?"

முந்நூற்றுப் பன்னிரண்டு இழுப்பறையும் ஒரேயடியாக நெஞ்சில் இறங்கியது போல இருந்தது. விநாடி முள் பத்தைத் தாண்டியது. பதினைந்து. அவர் பேனாவைக் கையில் எடுத்தார். எழுதப் போகிறார், எழுதிவிட்டால் முடிந்தது. இரண்டு வருஷம் நாலு மாசம், அதன் தலையில் இன்னொரு இரண்டு வருஷம்.

"இஃப் ஐ வென்ட்," என்றேன். "ஐ வுட் லீவ் மை ஷாப்."

சொன்னேன். சொன்ன பிறகு, மூட்டை அவிழ்ந்த மாதிரி மற்றதெல்லாம் தானாகக் கொட்டியது. போனால் சாவியை நாத்தனாரிடம் கொடுப்பேன். அவள் மறுநாளே எல்லாவற்றையும் நிறவாரியாக மாற்றுவாள். எனக்குக் கோபம் வரும். தினம் போன் பண்ணுவேன். அவள் போனை எடுக்க மாட்டாள். சிப்பி பட்டனையும் பிளாஸ்டிக் பட்டனையும் ஒரே பெட்டியில் போட்டால் நான் அங்கிருந்தே விமானம் ஏறி வந்து கத்துவேன். தேர்வாளர் சிரிக்கப் போய் இருமினார். தண்ணீர் குடித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஓகே."

சரி என்று சொல்லிவிட்டார்.

வெளியே நாத்தனார் எழுந்து ஓடி வந்தாள். "என்னாச்சு?"

"சரின்னு சொல்லிட்டாங்க."

"பாஸா!"

"அதெல்லாம் தெரியாது. பேரம் முடிஞ்சுது." கைப்பையைத் திறந்து கடைச் சாவியை எடுத்தேன். பெரிய மரப் பட்டன் கோத்த சாவி. உள்ளே என்ன சொன்னேன் என்று சொல்லி அவள் கையில் வைத்தேன். அவள் கண் ஒரு நிமிஷம் கலங்கியது. ஆனாலும் அவள் இலக்கணம் படித்தவள்.

"நீங்க 'போனா'ன்னுதானே சொன்னீங்க? இன்னும் போகலையே. மழை பெஞ்சாத்தானே பாதி விலை? வச்சுக்கோங்க." சாவி திரும்பி என் பைக்குள் வந்தது. "ரிசல்ட்டுக்கு எட்டு நாள் இருக்கு."

அந்த எட்டு நாளை நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். கல்லாவில் உட்கார முடியவில்லை. வாடிக்கையாளர் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ட்யூஷன் இல்லாத நேரத்தில் நாத்தனாரை உள்ளே உட்கார வைத்தேன். மழைக்குக் காத்திருந்த அந்த ஆளுக்காவது என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. எனக்கு வானம் கறுத்தாலும் பயம், வெளுத்தாலும் பயம். போன் ஒவ்வொரு தடவை அடித்தபோதும் யாராவது ஜிப் விலை கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்குச் செய்தி வந்தது. இன்னொண்ணு உள்ளே பேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னால் திறக்க முடியவில்லை, நாத்தனாரிடம் நீட்டினேன். அவள் படித்தாள். மறுபடி படித்தாள்.

"அரை மார்க்" என்றாள்.

"போச்சா?"

"கூட. தேவையானதுக்கு மேல அரை மார்க் கூட, அண்ணி!"

"இன்னொண்ணு போடுங்கன்னு நீங்களும் கேட்டீங்களாக்கா?" என்றார் தையல்காரர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தது. சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை அவள் திருப்பித் தரவில்லை. மழை பெய்த அன்று அப்பா ஒரு பெட்டியையும் வேறு யாரையும் தூக்க விடவில்லை. நானும் முதல் இழுப்பறையை நானே கழற்றி அவள் முன்னால் வைத்தேன். நிற வரிசையில் முதலில் வெள்ளை.

கிளம்புகிற வாரம் வீட்டுக்காரருக்கு ஒரு கோட்டு தைத்தேன். அதற்கு நாலு பட்டன் வேண்டும். வாடிக்கையாளர் பக்கமே நின்று கேட்டேன். என் கடையில், என் அப்பாவின் பட்டனுக்கு, நாத்தனார் கண்ணிமைக்காமல் விலை சொன்னாள்.

"கொஞ்சம் குறைச்சுக்கோயேன். நான் யாரு?"

"ஒரு டஜனா எடுத்தா குறைச்சுத் தர்றேன் அண்ணி."

வாய் தவறி "சரி" என்றுவிட்டேன்.

நாலு பட்டனுக்கு வந்தவள் பன்னிரண்டோடு விமானம் ஏறினேன். மீதி எட்டையும் அந்த ஊரில் எதில் தைப்பது என்பதுதான் இப்போதைய கவலை.