பேச மறுத்த கணினி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஐயாதுரையின் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து முழுவதும் பரிபூரணத்தின் பொறுப்பு. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் காதில் கேட்டபடியே மளமளவென்று தட்டிவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை அவள் வந்து உட்கார்ந்தபோது கணினி பேசவில்லை. விசைப்பலகையும் கைக்குப் புதிதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சில் இருந்த நேரத்தில், பழையவற்றைத் தூக்கிவிட்டுப் புதுவகைக் கணினிகளை இறக்கியிருந்தார்கள்.

விற்றவன் வினோத், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரன், அங்கேதான் நின்றான்.

"அக்கா, ஒங்க சாஃப்ட்வேர் இதுக்கு இன்னும் வரல. ஆளுக நெறைய வாங்குனாத்தான கம்பெனிக்காரன் எழுதுவான்? செத்த பொறுங்க, வந்துரும்."

"அது வராம என்னய மாதிரி ஆளுக எப்படி தம்பி வாங்குவாக?"

"எல்லாரும் வாங்கத்தான செய்யிதாக?"

"அந்த எல்லாருல நான் இல்லையா?"

வினோத் மீந்த வயர்களைச் சுருட்டத் தொடங்கினான். ஐயாதுரை செருமினார். "நீ கொஞ்ச நாளைக்கு போன் எடும்மா. லெட்டர பக்கத்து சீட்டு அக்சா பாத்துக்கிடட்டும். சம்பளத்தக் குறைக்க மாட்டேன்."

பரிபூரணத்துக்கு முகம் எரிந்தது. அவள் கேட்டது சம்பளமா? பழைய கணினியைக் கேட்டாள். குடோனில் மூட்டைக்கு அடியில் கிடக்கிறது, எடுக்க ஆளில்லை என்றார்கள். மறுநாளும் கேட்டாள்.

"ஒரு ஆளுக்காக அம்புட்டையும் பொரட்ட முடியுமாம்மா?" என்றார் ஐயாதுரை.

வியாழக்கிழமை அலுவலகமே அலறியது. பெட்டிகளில் ஒட்ட வேண்டிய லேபிளை அச்சடிக்கும் மென்பொருளும் புதுக் கணினியில் ஓடவில்லை. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய லாரி வாசலில் நின்றது.

"ஏலே, பழச எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்கலே!" என்று கத்தினார் ஐயாதுரை.

டீ ஆறுவதற்குள் அத்தனை கணினிகளும் மேஜைக்கு வந்துவிட்டன. அவளுடையதும் வந்தது.

"இப்ப சந்தோசந்தான?" என்றார் ஐயாதுரை.

"லேபிளுக்கு ஆள் கெடச்சிருச்சு மொதலாளி. எனக்குத்தான் கெடைக்கல."

தன் கணினியின் வயரைத் தடவி எடுத்து அவளே செருகினாள்.

"இனிமே மிஷின் வாங்குனா, என் சாஃப்ட்வேர் ஓடுதான்னு நான் பாத்துச் சொன்ன பொறவு வாங்குங்க."

"சரிம்மா" என்றார் அவர், குரல் இறங்கி.

கோபம் அடங்காமலேயே ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். புதுக் கணினிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி வினோத்துக்குக் கடிதம் அடிக்கச் சொன்னார் ஐயாதுரை. காரணமாக லேபிளை மட்டுமே சொன்னார். பரிபூரணம் தன் மென்பொருளின் பெயரை முதலில் தட்டினாள். லேபிளை அதற்குக் கீழே போட்டாள்.