ஸ்டோயிக் ஐயாதுரை

ஆவுடையம்மாள் மூன்றாவது முறையாக எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். சித்திரை வெக்கை, யாராவது போடுவதும் அவள் அணைப்பதுமாக இருந்தது. கணவனின் மூடிய இமைகள்மேல் இருந்த பஞ்சை நனைத்துத் திரும்ப வைத்தாள். ஐயாதுரை காலை ஆறு மணிக்கு இறந்திருந்தார். தானத்துக்கு ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும்; அதுவரை காற்றுப் பட்டு அவை உலரக் கூடாது. மதுரையிலிருந்து டாக்டர்கள் கிளம்பிவிட்டார்கள். மணி ஒன்பது.

"வேன் வந்தா திருப்பி அனுப்பிருவேன் மதினி." கொழுந்தன் மலைச்சாமி வாசலை மறித்து நின்றான். "கண்ணைத் தோண்டிட்டு அண்ணனை எப்படித் தூக்கிட்டுப் போறது? ஊரு காறித் துப்பும்."

எண்பத்துநாலில் ராஜபாளையத்து மில் ஒன்றில் மிஷின் ஐயாதுரையின் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழைய பத்திரிகையில் ஓர் அமெரிக்க விமானியைப் பற்றிப் படித்தார். வியட்நாம் சிறையில் ஏழு வருஷம் அடிபட்டும் உடையாதவர். பழங்காலக் கிரேக்கத்து ஸ்டோயிக்குகளின் தத்துவம்தான் அவரைத் தாங்கியது. நம் கையில் இருப்பதைச் செய், இல்லாததற்கு அலறாதே; அவ்வளவுதான் சங்கதி.

"விரலுதான் போச்சு, நான் போகல" என்று சிரித்தபடி வீடு திரும்பினார். அதன்பின் இந்தக் காலத்தில் அப்படி வாழ்கிறவர்களைப் பற்றி எங்கே அச்சானாலும் வெட்டிச் சுவரில் ஒட்டினார். மில்லில் 'ஸ்டோயிக்' என்று கூப்பிட்டார்கள். கிண்டலாகத் தொடங்கிய பெயர், மில் மூடிக்கிடந்த ஐந்து மாதமும் அவர் கலங்காமல் இருந்ததைப் பார்த்தபின் மரியாதையாகிவிட்டது. ஆவுடையம்மாளுக்கு மட்டும் அந்தக் கிரேக்கர்களைப் பிடிக்கவே இல்லை. கோபமே வராத மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது?

போன வாரம் சொல்லியிருந்தார்: "கண்ணு இப்ப என் கையில. பொறவு ஒன் கையில."

அவள் மலைச்சாமியின் முன்னால் போய் நின்றாள்.

"ஊரு துப்புறது நம்ம கையில இல்ல தம்பி. அவிய கேட்டதைச் செய்யுறது இருக்கு. வழிய விடுங்க."

தன் வாயில் அவர் பேச்சு வந்ததை அவளே அப்போதுதான் கேட்டாள்.

"என்னைத் தூக்கி வளத்த அண்ணன் மொகம் மதினி..." மலைச்சாமி உள்ளே கிடந்த அண்ணனைப் பார்த்தான்.

"மொகம் அப்படியேதான் இருக்கும். கூட நின்னு பாருங்க."

வேன் வந்தது. அவன் விலகினான். அரைமணி நேரமும் சுவரோரம் நின்று பார்த்தான். எல்லாம் முடிந்தபோது ஐயாதுரை பகல் ஷிப்ட் முடிந்து அசந்து தூங்குகிறவர் போலவே இருந்தார்.

"கருவிழி தெளிவா இருக்கும்மா. ரெண்டு பேருக்கு ஆகும்" என்றார் டாக்டர்.

ஆவுடையம்மாள் நிமிர்ந்து, கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தானே போய் மின்விசிறியைப் போட்டாள்.

டாக்டரோடு வந்த நர்ஸ், கண்கள் இருந்த சின்ன ஐஸ் பெட்டியைத் தூக்கினாள்.

"கொடும்மா, நான் கொண்டாரேன்." மலைச்சாமி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

தெருவில் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். வாசலில் கிடந்த செருப்பைத் தேடாமல், கொதிக்கிற தார் ரோட்டில், பெட்டி அசையாதபடி அவன் மெல்ல வேனை நோக்கி நடந்தான்.