மசினாவின் ரசீது

மசினா ரசீதைத் தொலைத்துவிட்டாள் என்பதை நான் நம்பவில்லை. மூன்று வருடத்துக்கு முந்தைய படகுச் சீட்டைக்கூட வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருப்பவள் அவள். எனக்கு எதிர்வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி தூண்களும் கூரையும் மட்டுமே உள்ள, சுவரில்லாத வீட்டில் எதை மறைக்க முடியும்?

சபையின் கீபோர்டு, ஆக்லாந்திலிருந்து அவள் மகன் இயோசுவா வாங்கி அனுப்பிய காணிக்கை. வந்த ஞாயிறன்று வழக்கப்படி காணிக்கைச் சீட்டை எல்லார் முன்னாலும் வாசித்தார்கள்: பெட்டி பிரிக்காத புத்தம் புதுசு. மசினாவின் தலை அன்று கூரையில் இடிக்காதது ஆச்சரியம்.

ஐந்தே மாதத்தில் இடதுபக்கக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. பிள்ளைகள் பாடும் வெள்ளை ஞாயிறுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். தலைநகர் ஆப்பியாவில் ரிப்பேர்காரன் தொட மறுத்துவிட்டான்.

“அடியில ஒட்டியிருக்கிற இந்த உத்தரவாத ஸ்டிக்கர் கிழிஞ்சா கடைக்காரனுக்கு சாக்கு கிடைச்சிரும். ரசீதை அனுப்புங்க. அன்பளிப்பா வந்ததுன்னாலும் அந்த ஊர் சட்டப்படி அவன்தான் பொறுப்பு.”

போதகரின் மனைவி மெலே ரசீது கேட்கப் போனார். நானும் சேம்பிலைப் பொட்டலம் ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

“எலி கடிச்சிருச்சு, போதகரம்மா,” என்றாள் மசினா.

“போன வாரம் மழையில நனைஞ்சுதுன்னியே,” என்றேன்.

“நனைஞ்சதைத்தான் கடிச்சுது. உனக்கு உன் அடுப்புல வேலையில்லையா?”

மறுநாள் மத்தியானம் அவள் இடுப்புத் துணியில் கத்தியைச் செருகிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். சாட்சி இல்லாமல் எதையும் பார்க்கக் கூடாது என்பது என் கொள்கை. போதகரம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

கீபோர்டு பெஞ்சில் குப்புறக் கிடந்தது. கத்தி முனை ஸ்டிக்கரின் ஓரத்தில்.

“மசினா, கையை எடு,” என்றார் மெலே.

எடுக்கவில்லை. “இது கிழிஞ்சா ரசீதை யாரும் கேக்கமாட்டாங்க.”

“பிள்ளைங்க எதை வச்சுப் பாடும்?”

ஸ்டிக்கரின் ஒரு மூலை மெல்ல எழும்பியது. 

“சபைக் குழுக்காரங்க ரசீதைப் பாக்காம எதையும் அனுப்பமாட்டாங்களே, போதகரம்மா,” என்றாள் மசினா.  கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். எலி கடித்த அடையாளம் ஒன்றுமில்லை. மெலேயின் தோளுக்கு மேலாக நானும் படித்தேன்: ‘பழுது பார்த்து விற்கப்பட்டது. ஓராண்டு உத்தரவாதம்.’

“பையன் மறைக்கல. புதுசுன்னு எழுதிக் கொடுத்தது நான்தான்,” என்றாள். பார்த்தது என் வாயை.

“ஓராண்டு இருக்கு. அது போதும்,” என்றார் மெலே.

சாயங்காலம் சபைக் குழு கூடியது. எங்கள் ஊர்க் கூட்டத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் தடுப்பதில்லை. நான் தூணோரமாக உட்கார்ந்தேன். தலைவர் கை நீட்டினார். மெலே ரசீதைக் கொடுக்கவில்லை, பிடித்துக் காட்டினார். பெருவிரல் ஒரு வரியின் மேல் அழுந்தியிருந்தது.

“விரலை எடுங்கம்மா.”

“தேதி தெரியுதா? நம்பர் தெரியுதா? ஓராண்டுன்னு தெரியுதா? வேற என்ன வேணும்?”

தலைவர் என் பக்கம் திரும்பினார். “நீ பாக்காதது இந்த ஊர்ல இல்ல. சொல்லு, புதுசாத்தானே வந்துச்சு?”

எதிர்த் தூணோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த மசினாவின் விசிறி நின்றுவிட்டது. வாழ்நாளில் இப்படியொரு செய்தி என் நாக்கு நுனியில் உட்கார்ந்ததில்லை.

“பெட்டியைப் பிரிக்கறப்ப நான்தான் முதல்ல எட்டிப் பாத்தேன். எங்க வீட்டு டிவிகூட அப்படிப் பளபளத்ததில்ல.”

“சரி, அனுப்புங்க,” என்றார் தலைவர்.

விசிறி மறுபடி அசைந்தது. மெலேயின் பெருவிரல் மட்டும், அவர் வீடு போய்ச் சேரும்வரை அந்த வரியை விட்டு நகரவில்லை.