அட்டை கிழிந்த கழுதைக் கதை

பழைய பேப்பர் குடோனில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். உட்கார வைத்தால் எழுந்துவிடுவாள், நிற்க வைத்தால் நடப்பாள். கை மட்டும் எந்நேரமும் எதையாவது கிழித்துக்கொண்டிருக்கும். குடோனில் வேலையே அதுதான். புத்தகத்தைத் தூக்கு, அட்டையைப் பிய், முதுகில் கட்டைவிரலை விட்டு நூலை அறு. கெட்டி அட்டை ஒரு குவியல், தாள் ஒரு குவியல். அட்டையோடு போனால் காகிதக்கூழ் ஆலைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

படம் போட்ட புத்தகம் வந்தால் கிழிக்குமுன் இரண்டு பக்கம் படித்துவிடுவாள். மேஸ்திரி கத்துவான். அந்தக் கோளாறுதான் அவளை நூலகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. குழந்தைகளுக்குக் கதை வாசிக்க ஆள் தேவை, பயிற்சி தந்து தேறியவருக்கு வேலை என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் போனாள். எந்த வயதுக்கு எந்தப் புத்தகம், படம் பாதிக்கதையைச் சொல்லிவிடும், கதை முடிந்ததும் நீதியைப் பிழிந்து வாயில் ஊற்றாதே, எழுத்துக்கூட்டிப் படிக்கிற குழந்தையிடமிருந்து வார்த்தையைப் பிடுங்காதே. பயிற்சியாளர் சொன்னதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. அசையாமல் உட்கார்ந்து கேட்பதுதான் பிடிக்கவில்லை.

இன்று சோதனை வாசிப்பு. குடோன் வாசலில் அண்ணி மடக்கினாள்.

"ஏண்டி, ரெண்டு நிமிசம் ஒரு இடத்துல நிக்க மாட்ட. நீ போயி புள்ளைங்கள உக்கார வைக்கப் போறியா?"

"அவங்க உக்காருவாங்க அண்ணி. நான் நின்னுக்கிறேன்."

"கெடைக்கலைன்னா?"

"கெடைக்கலைன்னா இந்தத் தூசியத்தான் திங்கணும். வேற என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

நூலகத்தின் பின்னறையில் பயிற்சியாளர் அவள் கையில் புதுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். வழவழப்பான கெட்டி அட்டை. "முழுசா ஒரு தடவை படிச்சுப் பாருங்க. முதல்ல அட்டையைக் காட்டணும், பேரைப் படிக்கணும், கதை என்னவா இருக்கும்னு ஊகிக்கச் சொல்லணும். மறந்துடாதீங்க."

"சரிங்க சார்."

அவர் போனதும் படிக்க ஆரம்பித்தாள். முதுகில் மூட்டையோடு ஒரு கழுதை. மூட்டைக்குள் என்ன இருக்கிறதென்று சொன்னால்தான் பாலத்தைத் தாண்டுவேன் என்று அடம் பிடிக்கிறது. பக்கத்து அறையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. குழந்தைகள் வந்துவிட்டார்கள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள், கதவுக்கு வந்தாள், மறுபடி ஜன்னல். பின்னால் உட்கார்ந்து பார்க்கப்போகும் நூலகரம்மா சிரிக்கிற ஆள் இல்லை என்று கேள்வி. குரல் கம்மிவிட்டால்? ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால்?

பழகிய சத்தம் ஒன்று கேட்டது. சர்ரக்.

குனிந்து பார்த்தாள். இடது கையில் அட்டை தனியாக இருந்தது. வலது கட்டைவிரல் முதுகுநூலையும் அறுத்து முடித்திருந்தது. புத்தகம் நாலைந்து தாள் மடிப்புகளாகப் பிரிந்து கிடந்தது. குடோனில் மேஸ்திரி பார்த்திருந்தால் பாராட்டியிருப்பான்.

"அடப்பாவி கையே," என்றாள்.

கதவு திறந்தது. "வாங்க, எல்லாரும் ரெடி."

உள்ளே போனாள். தரையில் பாய் விரித்துக் குழந்தைகள். பின்வரிசையில் நூலகரம்மா, பக்கத்தில் பயிற்சியாளர். பிய்ந்த அட்டையைப் பார்த்ததும் பயிற்சியாளர் முகம் சுண்டிவிட்டது.

"அக்கா, புக்கு ஏன் பிஞ்சிருக்கு?" முன்வரிசையில் பல் விழுந்த பையன் ஒருவன் கேட்டான்.

எலி கடித்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. "நான்தான் பிச்சேன். நான் வேலை செய்யுற இடத்துல இப்படித்தான் பிக்கணும். பயத்துல இங்கயும் கை அதையே பண்ணிருச்சு."

"நான் பிச்சா எங்கம்மா அடிப்பாங்க."

"எனக்கும் இருக்குடா இன்னிக்கு."

சிரித்தார்கள். தனக்காகப் போட்டிருந்த குட்டி நாற்காலியை ஓரமாகத் தள்ளினாள். பாயைச் சுற்றி நடந்துகொண்டே வாசித்தாள். கழுதை அடம் பிடித்தது. வியாபாரி கெஞ்சினான். ஒரு மடிப்பு முடிந்ததும் படம் பார்க்க ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். மூட்டைக்குள் உப்பு என்றான் ஒருவன். பேய் என்றாள் ஒருத்தி. பம்பரத்துக்கே தெரியாது. அவள் கதையைக் கடைசிவரை படித்திருக்கவில்லை.

கடைசி மடிப்பைத் தேடினாள். காணோம்.

சுவரோரம் சிவப்பு ரிப்பன்காரி ஒருத்தி அதை முழங்கால்மேல் வைத்துக் குனிந்திருந்தாள். எப்போது எடுத்தாளோ. வரிக்குக் கீழே விரல், உதடு அசைகிறது.

"கண்ணு, குடும்மா, அக்கா வாசிக்கிறேன்."

"நான் படிச்சுட்டு இருக்கேன்."

"சத்தமாப் படி!" என்று மற்றவர்கள் கத்தினார்கள்.

"மூட்... டையை... அவி... அவிழ்..."

ரிப்பன்காரி திக்கி நின்றாள். விரல் மறுபடி வரியின் தொடக்கத்துக்குப் போனது. சுவர்க்கடிகாரம் முடிக்க வேண்டிய நேரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள். பயிற்சியாளர் பின்னாலிருந்து கையால் சாடை காட்டினார்: வாங்குங்க, வாசிங்க, முடிங்க.

பம்பரத்துக்குக் கை அரித்தது. எட்டினால் மடிப்பு கைக்கு வந்துவிடும். ஒரே மூச்சில் வாசித்தால் கதை முடியும், கதை முடிந்தால் வேலை. இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டாள். கால் தானாக நடக்கப் பார்த்தது. தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அதையும் அடக்கினாள்.

"மெதுவாப் படி. யாரும் ஓடிறல," என்றாள். அவளுக்கு வியர்த்தது.

"அவிழ்த்... தான். உள்... ளே... ஒரு... குட்... குட்டிக்... கழு..." ரிப்பன்காரி நிமிர்ந்தாள். "குட்டிக் கழுதை! அதோட குட்டியத்தான் அது சுமந்துட்டு வந்திருக்கு!"

"நான் சொல்லல? நான் சொல்லல?" என்று கூசாமல் குதித்தான் உப்பு என்று சொன்னவன்.

பெற்றோர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். பாய் காலியானது. பயிற்சியாளர் தலையில் கை வைத்திருந்தார். "அட்டையைக் காட்டல. பேரைச் சொல்லல. முடிவைக்கூட நீங்க வாசிக்கல."

"பிடுங்காதேன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அவர் தலையிலிருந்து கையை இறக்கினார். நூலகரம்மா எழுந்து வந்து கோந்து டப்பாவை மேசையில் வைத்தார். மடிப்புகளை அடுக்கிப் பார்த்தார். "கடைசி எங்க?"

அப்போதுதான் உறைத்தது. பம்பரம் தெருவுக்கு ஓடினாள். ரிப்பன்காரி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் மடிப்போடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

"கண்ணு, அதக் குடு. ஒட்டணும்."

"பாலத்தைத் தாண்டுச்சான்னு இன்னும் படிக்கல. அடுத்த வாரம் தர்றேன்."

"அடுத்த வாரம் நான் இங்க இருப்பேனோ என்னவோ."

சிறுமி மடிப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "நீங்க இருந்தாத்தான் தருவேன். வேற யார்கிட்டயும் தர மாட்டேன்."

அப்பா சங்கடமாகச் சிரித்தார். பஸ் வந்தது.

பம்பரம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். வெறுங்கையைக் கண்டு நூலகரம்மா புருவத்தைத் தூக்கினார்.

"அடுத்த வாரம் நான் இருந்தாத்தான் தருவாளாம், மேடம். புத்தகம் முழுசா வேணும்னா என்னைய வேலைக்கு வச்சாகணும்."

நூலகரம்மா சிரிக்கவில்லை. கோந்து டப்பாவின் மூடியைத் திருகி மூடினார்.

"அடுத்த வாரம் சீக்கிரமா வா. புதுப் புத்தகம் இருக்கிற பக்கம் மட்டும் தனியாப் போகாத."