செத்துப்போன அம்மா

போர்ப் படத்தில் செத்த தோழனை மடியில் கிடத்தி நடிகன் அழுத அழுகையில் தியேட்டரே நனைந்ததாம். "எப்படி சார் அப்படி நடிச்சீங்க?" என்று டிவிக்காரி உருகினாள்.

"எங்கம்மா செத்த நாளை நினைச்சுக்கிட்டேன்."

சோபாவில் வெங்காயம் உரித்தபடி, நேற்று எடுத்த அந்தப் பேட்டியை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் எப்படா செத்தேன்?"

வாசலில் மகனின் கார் சத்தம் கேட்டதும் வாயைப் பிளந்து, கையைத் தொங்கவிட்டுச் சாய்ந்தாள். உள்ளே வந்தவன் உலுக்கிப் பார்த்தான். மூக்கருகே விரல் வைத்தான். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள். அவன் போனை எடுத்து மேனேஜரை அழைத்தான்.

"அம்மா போயிட்டாங்கப்பா. கேமராக்காரங்களை வரச் சொல்லு. அவங்க வந்ததும் அழறேன்."

அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"வீட்ல கிளிசரின் இல்லடா. இந்தா, வெங்காயம்."