மாப்பிள்ளை மாற்றிய கிளட்ச் வயர்

மாமனாரின் வண்டி மாப்பிள்ளை வீட்டுக்குள் போனதற்குக் காரணம், அறுந்துபோன ஒரு கிளட்ச் வயர். அது மகள் குடியிருக்கும் தெருவில் வந்து அறுந்தது. இரண்டு தெரு தள்ளி அறுந்திருந்தால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்லை. மாமனார் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் மகள் வீட்டுக் கார் கொட்டகையில் நிறுத்திவிட்டு, "நாளைக்குக் காலைல மெக்கானிக்கை அனுப்பறேன் மாப்பிள்ளை, அரை மணி நேர வேலை" என்றார்.

மாப்பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். அவர் குழாய் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் திட்டமிடல் பிரிவுத் தலைவர். இருபது வருடமாகத் திட்டமிட்டு வருகிறார். குழாய் செய்வது வேறு பிரிவு.

"மெக்கானிக்கா?" என்றார், கெட்ட வார்த்தை கேட்டவர்போல. "மாமா, இது வெறும் வண்டி இல்ல. வரலாறு. இதுக்குள்ள ஒரு ஆன்மா இருக்கு. இதைப் போய்த் தெருமுனை ஆள் கையில குடுப்பாங்களா? நான் பண்றேன். என் கையாலேயே பண்றேன்."

மாமனார் அந்தக் கையைப் பார்த்தார். பேனா மூடியைத் தவிர வேறெதையும் திருகிப் பழகாத கை.

"கிளட்ச் வயர் மட்டும்தான் மாப்பிள்ளை…"

"என்கிட்ட விடுங்க மாமா."

விட்டார். வேறென்ன செய்வது? பெண்ணையே கொடுத்தவர் வண்டியைக் கொடுக்கமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்?

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். இரட்டை சிலிண்டர், நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த கனமான பழைய வண்டி. இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்பு, பின்னால் ஓர் ஆள் தூங்கி வழிந்தாலும் விழாத அகலமான சீட்டு. வருடாவருடம் மழை விட்டதும் மாமனாரும் மாமியாரும் அதில் பத்து நாள் கிளம்பிப் போவார்கள். முப்பத்தோரு வருடமாக ஒரே இடம்தான். மலைக்கு அந்தப்பக்கம் ஓர் ஏரி, ஏரிக்கரையில் ஒரு விடுதி. அங்கே வெந்நீர் ஒழுங்காக வராது. மாமியார் அதைப்பற்றிப் புகார்ப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த வருடம் அது சரியாகியிருக்கிறதா என்று பார்க்க மறுபடி போவார்.

வயர் அறுந்த மாதத்தில்தான் கண் டாக்டர் மாமனாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிக்கோங்க. அடுத்த தடவை லைசென்ஸுக்குக் கையெழுத்து கேட்டு என்கிட்ட வராதீங்க."

ஆக, மிச்சம் இருந்தது இரண்டே பயணம். முதலாவதை மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்தே முடித்துவிட்டார்.

கொட்டகையிலிருந்து கார் வெளியேறி வெயிலில் நின்றது. கொட்டகையின் பெயர் ஸ்டுடியோ என்று ஆனது. சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தை வெள்ளை பெயின்ட்டில் வரைந்து, அந்தந்த உருவத்தின்மேல் அந்தந்த ஸ்பானரை மாட்டினார். எடுத்தால் வரிசை கெட்டுவிடும் என்பதால் எதையும் எடுப்பதில்லை. வேலைக்கென்று தனியாக மழுங்கிப்போன ஒரு ஸ்பானர் இருந்தது. எதிர்ச்சுவரில் திட்ட அட்டவணை: நாற்பத்தேழு கட்டங்கள், நான்கு நிறங்கள். தோல் ஏப்ரன் ஒன்று வந்தது. அதை மாட்டிக்கொண்டு, செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி, "வணக்கம் நண்பர்களே, இன்னிக்கு நாம ஒரு நட்டைக் கழட்டப் போறோம்" என்று பேச ஆரம்பித்தால், அந்த நட்டு கழலும்போது மத்தியானம் ஆகியிருக்கும்.

மாமனார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். மாப்பிள்ளையிடம் 'முடிஞ்சுதா' என்று நேரடியாகக் கேட்பது மரியாதை இல்லை. அதனால் ஸ்டுடியோ வாசலில் நின்று, "மழை குறைஞ்சிடும்போல இருக்கு மாப்பிள்ளை" என்பார். அடுத்த வாரம், "மழை விட்டுடுச்சு." அதற்கடுத்த வாரம், "வெயில் நல்லா அடிக்குது." இதைவிடக் கடுமையாக ஒரு மாமனார் பேச முடியாது.

"வண்டியை அவசரப்படுத்தக்கூடாது மாமா. அது தயாரானதும் அதுவே சொல்லும்."

மாமியார் அவ்வளவு பூசி மெழுகமாட்டார். போனில் மகளிடம் கேட்டார்: "கிளட்ச் வயரை வாங்கி மாட்டறாரா, இல்ல உக்காந்து நெய்யறாரா உன் புருஷன்?"

"இப்பதான்மா பதினொண்ணாவது கட்டம். மஞ்சள் கலர்."

அந்த வருடம் ஏரி விடுதியின் புகார்ப் புத்தகத்தில் மாமியாரின் பக்கம் காலியாகக் கிடந்தது.

பன்னிரண்டாவது கட்டத்தின் தலைப்பு, 'தூய்மைப்படுத்தல்'. வண்டியில் தேய்ந்தது, வளைந்தது, மங்கியது எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, அதே வருடத்துப் புதுச் சாமான்களை உலகத்தின் எந்த மூலையிலிருந்தாவது வரவழைப்பது. முதலில் ஹேண்டில்பார். ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளை அதை இரண்டு விரலால் தூக்கி மனைவியிடம் நீட்டினார்.

"குப்பைல போடு."

"நல்லாத்தானே இருக்கு?"

"உனக்குப் புரியாது. அது அரை இன்ச் வளைஞ்சிருக்கு."

அது எங்கே வளைந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, முன்னால் டாங்கின்மேல் உட்கார்ந்து அப்பாவோடு ஒரு பள்ளத்தில் விழுந்தபோது வளைந்தது. ஹேண்டில்பாரைப் பழைய போர்வையில் சுற்றினாள்; நேரே அப்பா வீட்டுக்குப் போய் மேஜைமேல் வைத்தாள்.

மாமனார் பதறிப்போனார். "என்னம்மா இது, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பார்?"

"குப்பைன்னு அவர்தான்ப்பா சொன்னார். குப்பையை எடுத்துட்டு வர யார்கிட்ட லெட்டர் வாங்கணும்?"

"இருந்தாலும்…"

"இருந்தாலும் என்ன?" என்றார் மாமியார், சமையலறையிலிருந்து. "பின் ரூமைக் காலி பண்ணுங்க. இன்னும் நிறைய குப்பை வரும்."

வந்தது. மட்கார்டு வந்தது, சைலன்சர் வந்தது, தகரப் பெட்டிகள் வந்தன. மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கணவர் நட்டுகளையும் போல்ட்டுகளையும் ஒரே டப்பாவில் கொட்டிவைத்துத் 'துரு' என்று லேபிள் ஒட்டியிருந்தார். அவள் அவற்றைப் பொறுக்கியெடுத்து, மாத்திரை உறைகளில் போட்டு, 'முன் சக்கரம், இடது, நாலு' என்று எழுதி ஒட்டினாள். பின் ரூமில் மெக்கானிக் அந்த உறைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார். முப்பது வருடமாக அந்த வண்டியைப் பார்ப்பவர்; தெருமுனையில்தான் கடை.

"வேளாவேளைக்கு ஒண்ணு போட்டா வண்டி எழுந்து உக்காந்துடும் சார்" என்றார், உறையைக் குலுக்கிக்கொண்டே.

அதற்குப் பிறகுதான் முட்டி விவகாரம். மாமனாரின் முழங்கால்கள் முப்பத்தோரு வருடமாக உரசி, டாங்கின் இரண்டு பக்கமும் பெயின்ட் தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தகடு பளபளத்தது. மாப்பிள்ளை அந்த டாங்கைத் தூக்கி எறிந்தார். புது டாங்க் வந்தது. ஏழு பூச்சு பெயின்ட் அடித்தார். அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது மனம் உடைந்துவிட்டது. வண்டி புதிதுபோல் இருந்தது.

"பழமை தெரியலையே" என்றார். மறுநாள் உப்புத்தாளோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்ற மாமனாரை ஸ்டூலில் உட்காரவைத்தார். "மாமா, உங்க முட்டியைக் கொஞ்சம் காட்டுங்க. அளவெடுக்கணும்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"வண்டி ஓட்டறவனுக்கு முட்டி எங்க படும்னு ஒரு ஆய்வு."

மாமனார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை டேப்பை வைத்து அளந்தார். அளவெல்லாம் ஸ்டூல் உயரத்துக்குச் சரிதான். வண்டியின் சீட்டு உயரம் வேறு என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. உப்புத்தாள் வேலை முடிந்தபோது, புது டாங்கின் தேய்மானம் நன்றாகக் கீழே இறங்கிக் கிடந்தது. அந்த இடத்தில் முட்டி பட வேண்டுமென்றால் ஓட்டுகிறவருக்குத் தொடை கூடாது.

எஞ்சினும் ஃபிரேமும் மட்டும்தான் பாக்கி. அவற்றைப் போர்வையில் சுற்ற முடியாது. ஆனால் மாப்பிள்ளை கைவிடவில்லை. ஃபிரேமில் ஓர் இடத்தில் வெல்டிங் ஒட்டு இருப்பதைக் கண்டுபிடித்து, "ஒட்டுப்போட்ட எலும்பு எனக்கு வேண்டாம்" என்றார். புது ஃபிரேமுக்கு ஆர்டர் போனது. யாரோ ஒரு சேகரிப்பாளரிடமிருந்து, பெட்டியைவிட்டு வெளியே வராத, ஒருமுறைகூட ஓடாத எஞ்சின் ஒன்றும் வந்து சேர்ந்தது. அந்தப் பெருமைக்கு இன்றுவரை பங்கம் வரவில்லை.

"பழைய இரும்புக்காரரை வரச் சொல்லட்டுமாங்க?" என்றாள் மனைவி.

"சொல்லு. ஸ்டுடியோவுல மூச்சுவிட இடம் இல்ல."

சின்ன லாரியோடு மெக்கானிக்கே வந்தார். மாப்பிள்ளை அவரைப் பலமுறை கடந்து போயிருக்கிறார், முகத்தைப் பார்த்ததில்லை. எஞ்சினைத் தூக்க மெக்கானிக் திணறியபோது மாப்பிள்ளை பெரிய மனதோடு ஒரு பக்கம் கைகொடுத்தார்.

"பாத்துப்பா, கேட்ல கீறல் போட்டுடாத. ஆமா, இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க? உருக்குவீங்களா?"

"ஓட்டுவோம் சார்" என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளை வெகுநேரம் சிரித்தார். அன்றைய வீடியோவில் அதைச் சொல்லியும் சிரித்தார். கடைசியாகப் பழைய நம்பர் பலகையும் லாரியில் ஏறியது. அதே நம்பரைப் பழங்காலத்து எழுத்தில் பொறித்து மாப்பிள்ளை வேறொன்று செய்துவைத்திருந்தார்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்தது. மாமனார் வழக்கம்போல் வந்து நின்றார். ஆனால் இந்தத் தடவை மழையைப் பற்றிப் பேசவில்லை. மகள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "வேலை நல்லா போகுதா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை திறப்பு விழா மாமா. அத்தையையும் கூட்டிட்டு வந்துடுங்க."

"அன்னிக்கா?" என்று யோசித்தார் மாமனார். "வந்துட்டே போறோம்."

திறப்பு விழாவுக்கு முப்பது பேர் வந்தார்கள். கம்பெனியின் திட்டமிடல் பிரிவு முழுவதும் வந்தது. வராமல் இருக்க முடியுமா? தலைமை தாங்கியவர் பழைய வண்டிகள் சங்கத்தின் தலைவர். தொழில், பல் டாக்டர். மாப்பிள்ளை தோல் ஏப்ரனோடு நின்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். 'நான்' என்ற சொல் வராத வாக்கியத்துக்காக முப்பது பேரும் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு வெல்வெட் துணி விலகியது.

அழகாகத்தான் இருந்தது. பின்சீட்டை எடுத்துவிட்டிருந்தார், கோடு நேராக வரவேண்டும் என்று. புதுப் பெட்டிகளின் மேல் மாப்பிள்ளை போகாத ஊர்களின் ஸ்டிக்கர்கள். அவற்றை டீயில் ஊறவைத்துப் பழசாக்கியிருந்தார்.

பல் டாக்டர் குனிந்து, வண்டி வாயைத் திறக்கட்டும் என்பதுபோல் காத்திருந்தார். "ஸ்டார்ட் பண்ணிக் காட்டலாமே?"

"இன்னிக்கு முடியாது டாக்டர். ஒரே ஒரு சாமான் வரணும்."

"என்னது?"

"கிளட்ச் வயர். சாதாரண வயர் இல்ல. பருத்தி நூல் சுத்தினது. அந்தக் காலத்து முறைப்படி கையால செய்யறாங்க. கப்பல்ல வருது."

யாரோ கைதட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் தெருவில் அந்தச் சத்தம் கேட்டது: கனமான, நிதானமான, தொண்டையைச் செருமுவது போன்ற சத்தம். பல் டாக்டரின் தலை தானாகத் திரும்பியது.

வாசலில் வந்து நின்ற வண்டியில் மாமனாரும், பின்னால் மாமியாரும். பெட்டிகள் நிறைந்திருந்தன. கேரியரில் மழைத்துணி சுற்றிய ஒரு மூட்டை.

"கிளம்பறோம் மாப்பிள்ளை. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு."

மகள் தயாராக வைத்திருந்த பிளாஸ்கைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தாள். மாப்பிள்ளை இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த வண்டியையும் ஒரு சுற்று சுற்றினார். பிரித்துப்போட்ட வண்டியைத்தான் அவருக்குத் தெரியும். முழு வண்டியை அவர் நின்று பார்த்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம். அன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

"என்ன மாமா, எங்க புடிச்சீங்க இந்த ஓட்டையை?"

மாமனார் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இங்கதான், பக்கத்துல" என்றார் மாமியார்.

"ஏமாத்திட்டாங்க மாமா உங்களை. இதோ பாருங்க டாக்டர், இந்த டாங்க்கை. பழசு மாதிரி காட்டறதுக்காக முட்டித் தேய்மானம் பண்ணியிருக்கான். எவ்வளவு மேல போட்டிருக்கான் பாருங்க! யாரோ கத்துக்குட்டி. அளவே எடுக்கல."

பல் டாக்டர் பார்த்தார். தேய்ந்த இரண்டு இடங்களிலும் மாமனாரின் முழங்கால்கள், பல்செட் ஈறில் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தன.

"பரவால்ல, விட்டுட்டுப் போங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "அந்த வண்டி முடிஞ்ச கையோட இதை எடுத்துக்கறேன். ரெண்டே வருஷம். ஆன்மாவைக் கொண்டுவந்துடறேன்."

முப்பத்து சொச்சம் பேரும் மாமனாரைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள், கை தானாக கேட்டைப் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளையிடம் அவர் மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. மாமனார் கிளட்சை ஒருமுறை அழுத்தி, விட்டார்.

"வேணாம் மாப்பிள்ளை. இதுல கிளட்ச் வயர் இருக்கு."

கியர் விழுந்தது. வண்டி தெருக்கோடியில் திரும்பி, மலைப்பக்கம் போகும் சாலையில் ஏறியது. மாமியார் திரும்பிப் பார்க்கவே இல்லை. வெந்நீர் ஞாபகமாக இருந்திருக்கலாம். மகள் கேட்டைச் சாத்திவிட்டு, விருந்தாளிகளுக்கு டீ கொண்டுவர உள்ளே போனாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டே டீ கொடுத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

பல் டாக்டர் மட்டும் தெருவையும் ஸ்டுடியோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, அந்த வண்டி நம்பரும் உங்க வண்டி நம்பரும் ஒண்ணா இருந்த மாதிரி இருக்கே?"

மாப்பிள்ளை வெல்வெட் துணியால் தன் வண்டியின்மேல் விழுந்த தெருப் புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, பெருமையும் வேதனையும் கலந்த ஒரு புன்னகை புரிந்தார்.

"பாத்தீங்களா டாக்டர்? நான் இன்னும் வயரே மாட்டல. அதுக்குள்ள காப்பி அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க."